அட்மின் மலையேறிய கதை

1971 நவம்பரில் பெல் ஆய்வகம் அச்சிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே ‘சு’ என்ற கட்டளை உண்டு. கடவுச்சொல்லைத் தட்டினால் சர்வாதிகாரம் கைக்கு வரும். ஒரே கணினியைப் பலர் பங்குபோட்ட காலம் அது. எல்லார் கோப்பிலும் கைவைக்கும் உரிமை அந்தக் கடவுச்சொல் தெரிந்தவரிடம் மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்த கணினி அந்தக் கட்டுப்பாட்டை உதறியது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், நிறுவும்போதே திறக்கும் கணக்குகள் எல்லாம் அட்மின்தான், அதாவது முழு உரிமை உள்ளவை. சௌகரியம்தான், ஆனால் கணக்குக்கு உள்ள உரிமை அதில் திறக்கும் வைரஸுக்கும் உண்டு. 2007-ல் விஸ்டா திரையை மங்கலாக்கி “அனுமதிக்கலாமா?” என்று கேட்கத் தொடங்கியது. நச்சரிப்பு தாங்காமல் பலர் அதை அணைத்தே போட்டார்கள்.

கூடங்குளத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் மறுத்த செய்தியை, மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினிக்குள் தீநிரல் புகுந்திருந்தது. உலையின் வலையமைப்பு தனி என்றது கழகம். ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த டிட்ராக் என்ற தீநிரலுக்குள், இன்னொரு கணினியின் சி டிரைவைத் திறக்கும் கட்டளை இருந்தது. கூடவே நிலையத்தின் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும்!

இனி மலையேறி, கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள அரவேணுவுக்கு வருவோம். பச்சைத்தேயிலை வாங்கும் சிறு ஆலை ஒன்றின் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: எடைப் பதிவு, விவசாயிகளுக்குப் பட்டுவாடா, ஜிஎஸ்டி. “அட்மின்ல போட்டாத்தான் சார் ஓடும்” என்று சொல்லிவிட்டு, மென்பொருள்காரர் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுவார். அவர் சொல்வது பாதி உண்மை. பழைய மென்பொருள் கணக்குத் தரவை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளேயே எழுதும். சாதாரணக் கணக்குக்கு அங்கே எழுத அனுமதியில்லை. தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றினாலோ, அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தாலோ பெரும்பாலும் வேலை முடிந்தது. நிரல் இருக்கும் இடத்தைத் தொடக்கூடாது.

சாதாரணக் கணக்குக்கு மாறினாலும், கிளார்க் திறக்கும் கோப்புகளைப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் பூட்டத்தான் செய்யும். பேக்கப் தனிக் கவலை. ஓரளவு தடுக்க முடிவது, அது அடுத்த கணினிக்குத் தாவுவதை. அதற்கும் எல்லாக் கணினியிலும் ஒரே அட்மின் கடவுச்சொல் இருக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் போட்டு அவ்வப்போது மாற்றும் லாப்ஸ் கருவியை மைக்ரோசாஃப்ட் 2015-ல் இலவசமாகத் தந்தது. அதற்கு அப்போது, எல்லாக் கணினியையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் டொமைன் வேண்டியிருந்தது. நாலு கணினி ஆலைக்குக் கடவுச்சொற்களை எழுதிவைக்க ஒரு நோட்டும், மேனேஜர் மேசையின் பூட்டும் போதும்.