ஜவ்வாதுமலையும் நாட்டுத் துப்பாக்கியும்

அமெரிக்காவுல வருஷா வருஷம் 'ஷாட் ஷோ'ன்னு ஒரு கண்காட்சி நடக்குது மக்களே. துப்பாக்கி, தோட்டா, வேட்டைச் சாமான் எல்லாம் அங்கே வியாபாரம். 1979-ல ஆரம்பிச்சது. நம்ம ஜவ்வாதுமலை வேட்டைக் கதை வேற.

மலையடிவாரத்துல செங்கம் பக்கம் பல்லவர் கால நடுகற்கள் நிறைய. மாடு மீட்கப் போய் செத்தவங்க வில்லும் வாளுமா நிக்கிறாங்க. எடுத்தனூர்க் கல்லுல கள்ளனைக் கடிச்ச நாயும் உண்டு, பேரு கோவிவன்! (நேர்ல போய்ப் பாருங்க.)

துப்பாக்கி ரொம்பப் பிந்தி வந்தது. குழல் வாய்வழியா வெடிமருந்தும் ஈயக் குண்டும் போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டம் உரிமம் கேட்டுச்சு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுத்துச்சு. ஆனா துப்பாக்கி பரண்லயே இருந்துச்சு. தானா ஒப்படைச்சா வழக்கு இல்லைன்னு போலீஸ் மலையூர்கள்ல அறிவிச்சு வாங்கினாங்க.

டாக்டரா என் கவலை ரெண்டு. குழல் பின்னால வெடிச்சா கண்ணும் விரலும் போகும். அதைவிட மோசம் ஈயம். குண்டு கறிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துணுக்கா சிதறும். வேகவச்சாலும் போகாது. புளி ஊத்திக் குழம்பு வச்சா இன்னும் கரையும். குழந்தை மூளையைத்தான் முதல்ல பாதிக்கும். இவ்வளவு ஈயம் பரவாயில்லைன்னு சொல்ல ஒரு அளவே கிடையாதுங்குது உலக சுகாதார நிறுவனம்.

உங்க வீட்டுப் பரண்ல தாத்தா துப்பாக்கி கிடந்தா, சோதிச்சுப் பார்க்காதீங்க. உள்ளே பழைய மருந்து இருக்கலாம். முதல்ல ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க.