தோமையார் கல்லறையின் வாயில்

மயிலைத் தோமையார் கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கி, 72-இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. சமகாலச் சான்று இல்லை. அரண்மனை கட்டக் கோண்டோபெர்னஸ் மன்னன் தந்த பொன்னை அவர் ஏழைகளுக்கு ஈந்தார் என்கிறது 3-ஆம் நூற்றாண்டுச் சிரியாக் நூலொன்று. அம்மன்னனின் நாணயங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. மண்ணை அகழ்ந்து வாழும் நெய்வேலியார்க்கு இதில் வியப்பில்லை. எனினும் நாணயம் மன்னனை மெய்ப்பிக்குமேயன்றிக் கதையை அன்று.

இளைஞர்காள்! நம்மை உறுத்துவது வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, 'கோவி' என்னும் குலத்தாரின் முன்னோர் தோமையாரைக் கொன்றமையால் அக்குலத்தார் எவராலும் கல்லறைக்குள் நுழைய இயலாது என்று எழுதினார். இயலாமையோ, பிறர் விடாமையோ? ஆயிரத்திருநூறாண்டுப் பழியைப் பிறந்த குழந்தையின்மேல் சுமத்தியவர் யாவர்? அதை அவர் கேட்கவில்லை.

இன்றைய சாந்தோம் பேராலயம் 1896-இல் எழுந்தது. சென்ற ஆண்டு என் மாணவருடன் அக்கல்லறைக்கு இறங்கினேன். எவரும் எங்கள் குலத்தை வினவவில்லை.