விளையாட்டு ஒளிப்படக்கலையும் கல்லூரிக் கல்வியும்: சேலம், ஏற்காடு வட்டாரம்

விளையாட்டு ஒளிப்படக்கலை என்பது ஆட்டத்தின் முக்கியமான நொடியை அது நிகழும்போதே படமாக்கும் தொழில். தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு வருவோர் பெரும்பாலும் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் அல்லது இதழியல் படித்தவர்கள். கேமராவைக் கையாள வகுப்பறை கற்றுத்தருகிறது. ஆட்டத்தைப் படிக்கக் கற்றுத்தருவது மைதானம்தான். மாணவர் இரண்டாவதைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

ஒளிப்படம் பாடமானது இம்மாநிலத்தில் புதிதன்று. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே ஒளிப்படப் பயிற்சி அளிக்கப்பட்டது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையைப் பற்றியது. அவ்வூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அவர் மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுத்தார். ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி விழ வேண்டியிருந்ததால் கோட்டையும் பாறையும் தெளிவாக விழுந்தன, அசைபவை மங்கின. அந்தக் கருவியால் ஓடும் மனிதனைப் பிடித்திருக்க முடியாது. 1878இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக 12 கேமராக்களை வைத்துக் குதிரையின் ஓட்டத்தைப் பதிவு செய்தபோதுதான் வேகம் படத்துக்குள் வந்தது.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு இடம் தந்தவை இதழ்கள். சென்னையில் 'தி இந்து' குழுமம் 1947 முதல் 1968 வரை 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வார இதழையும், 1978 முதல் 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழையும் நடத்தியது.

சேலத்தில் படிக்கும் மாணவருக்குப் பயிற்சிக்களம் தொலைவில் இல்லை. 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளது. வாழப்பாடி அருகே 2020இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்துள்ளன. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு. அங்கே 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி முதலிய பழைய பள்ளிகள் உள்ளன. கோடை விழாவின்போது ஏரியில் படகுப் போட்டியும் நடக்கும். பள்ளி ஆட்டங்களைப் படமெடுக்க விரும்புவோர் முன்கூட்டியே நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். படத்தில் இருப்பவர்கள் சிறுவர்கள்.

மலையில் எடுப்பது நல்ல பாடம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி இறங்கினால் கேமராவின் ஒளியளவி ஏமாந்துவிடும். வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பதால் படம் இருண்டுபோகும். ஏறத்தாழ ஒரு படி ஒளியைக் கூட்டி வைக்க வேண்டும். குளிரில் இருந்த கேமராவை வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் உடனே வெளியே எடுத்தால் லென்சின்மேல் நீர் படியும். சற்று நேரம் பைக்குள்ளேயே விட்டுவைப்பது நல்லது.

ஓடுபவரை உறையவைத்துக் காட்ட ஷட்டர் வேகம் 1/1000 வினாடியாவது இருக்க வேண்டும். சைக்கிள் பந்தயத்தில் கேமராவையும் வண்டியோடு திருப்பியபடி 1/60 அல்லது 1/30இல் எடுத்தால், பின்னணி கோடுகளாகி வேகம் தெரியும். இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். எங்கே உட்காருவது என்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகும். உயரம் தாண்டுபவர் எந்தக் காலை ஊன்றி எழுகிறார் என்பதைப் பொறுத்து அவர் ஓடிவரும் பக்கம் மாறும். தவறான பக்கம் உட்கார்ந்தவருக்கு வீரரின் முதுகுதான் கிடைக்கும். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அத்தகைய தாண்டலில் கம்பியின்மேல் இருக்கும் நேரம் ஒரு வினாடிகூட இல்லை.

பொறுமைக்கு எடுத்துக்காட்டு, 1960 டிசம்பர் 14இல் பிரிஸ்பேனில் சமனில் முடிந்த ஆஸ்திரேலியா - மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட். ஜோ சாலமன் பந்தை எறிந்து மெக்கிஃபை ரன் அவுட் ஆக்கிய நொடியை 'தி ஏஜ்' நாளிதழின் ரான் லோவிட் பிடித்தார். கையில் மிஞ்சியிருந்த ஒரே தகட்டை அவர் அதுவரை வீணாக்கவில்லை. இன்று வினாடிக்கு இருபது படம் எடுக்கும் கேமரா வைத்திருப்பவர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

திறமை இருந்தும் நுழைவு அனுமதி இல்லாமல் எல்லைக் கோட்டருகே உட்கார முடியாது. இது புதியவருக்கு மட்டும் உள்ள தொல்லையன்று. 2012இல் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, கெட்டி இமேஜஸ் நிறுவனத்துக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் அனுமதி மறுத்தது. அதை எதிர்த்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி நிறுவனங்களும் அத்தொடரைப் புறக்கணித்தன.

மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காத பாடம் ஒன்று உண்டு: பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு அவரிடம் கூலி பெற்று எடுத்த ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உள்ளூர்ப் போட்டியொன்றைச் சிறு தொகைக்குப் படமெடுத்துக் கொடுக்கும் மாணவர், பின்னாளில் அப்படம் புகழ்பெற்றாலும் உரிமை கோர முடியாமல் போகலாம். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் நிலைமை வேறு. 2012 திருத்தத்துக்குப் பின், ஒளிப்படத்தின் உரிமைக் காலம் எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் ஆகும்.