கண்டிக் குடியானவரும் சந்தைத் தகவலும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டி நகருக்கு அண்மையில், மகாவலி கங்கையின் கரையில் அமைந்துள்ள கன்னொறுவை, வரலாற்று மாணவருக்கு 1638ஆம் ஆண்டுப் போரினாலேயே பெரிதும் அறிமுகமானது. போர்த்துக்கேயர் படை அங்கு அடைந்த தோல்வியைப் பாடநூல்கள் விரிவாகக் கூறும். அதே கன்னொறுவையில் 1820களில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் கோப்பித் தோட்டம் ஒன்றை அமைத்தார் என்பதும், விவசாயத் திணைக்களத்தின் தகவல் நிலையம் இன்று அங்கேயே இயங்குகின்றது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், கண்டிக் கிராமத்துக் குடியானவன் தன் விளைபொருளின் விலையை யாரிடமிருந்து அறிந்தான், அறிந்ததைக் கொண்டு அவனால் என்ன செய்ய முடிந்தது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கோப்பியைத் துரைமார் கொண்டுவந்த பயிர் என்று கருதுவது பொதுவழக்கு. உண்மையில் ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றுமுன்னரே கோப்பிச் செடி கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் இருந்தது. அதன் இலையைக் கறிக்கும் பூவை விகாரைக்கும் பயன்படுத்தினர். கோப்பிக்கு விலை ஏறியபோது குடியானவரும் அதனைப் பெருமளவில் பயிரிட்டனர். ‘நாட்டுக் கோப்பி’ எனப்பட்ட இவ்விளைவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதியில் கணிசமான பங்கை வகித்தது. எனினும் இலண்டன் சந்தையில் அதற்குத் தோட்டக் கோப்பியிலும் குறைந்த விலையே கிடைத்தது. தோட்டங்களில் பழத்தின் சதையை இயந்திரத்தால் நீக்கி, புளிக்கவிட்டுக் கழுவி, பின்னர் உலர்த்தினர். கிராமத்திலோ பழத்தை அப்படியே வெயிலில் காயவிட்டு உரலில் குற்றி எடுத்தனர். காய் முற்றுமுன்பே பறிப்பதும் வழக்கமாயிருந்தது. இதனைக் குடியானவரின் சோம்பலுக்கும் அறியாமைக்கும் சான்றாகக் காட்டிய ஆங்கில எழுத்தாளர் பலர். வாங்கும் வணிகன் நல்லதற்கும் தாழ்ந்ததற்கும் ஒரே விலை கொடுக்கும்போது, நல்லதைச் செய்வதால் வரும் இலாபம் யாது என்ற வினாவை அவர்கள் எழுப்பவில்லை.

அவ்வணிகன் தவளமாடுகளுடன் உப்பும் கருவாடும் துணியும் கொண்டுவந்து, கோப்பியை ஏற்றிச் சென்றான். பல சமயம் பொருளை முற்பணமாகக் கொடுத்து, அறுவடையைக் கடனுக்கு ஈடாகப் பெற்றான். இலண்டன் விலை கொழும்புக்கும், கொழும்பு விலை கண்டிக் கடைவீதிக்கும் வந்தது. அதற்கு அப்பால், கிராமத்துக்குள், அவ்வணிகன் சொன்னதே விலை. மறுபுறத்தில், துரைமார் 1854இல் கண்டியிலேயே தோட்டத்துரைமார் சங்கத்தை நிறுவிக்கொண்டனர். 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. 1881இல் பேர்குசன் குடும்பத்தார் ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்ற இதழைக் கொழும்பில் தொடங்கினர். ஒரே மலைச்சரிவில் விளைந்த ஒரே பயிருக்கு இரு வகையான அறிவு நிலவிற்று: ஒன்று அச்சிலும் தந்தியிலும் வந்தது, மற்றது தவளமாட்டின் பின்னால் நடந்து வந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் பின்னர் இரு சாராரின் கோப்பியையும் அழித்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். குடியானவருக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ ஆகியவை கலந்த வீட்டுத் தோட்டமே எஞ்சியது.

இந்நிலையை மாற்ற முற்பட்ட முதல் முயற்சி தகவலைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது. 1906இல் கண்டிக்குக் கிழக்கேயுள்ள தும்பறையில் இலங்கையின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இலேதான் வந்தது. ஆகவே மக்கள் முந்திக்கொண்டனர் எனலாம். 1904இல் நிறுவப்பட்ட இலங்கை விவசாயச் சங்கமும், 1912இல் தோன்றிய விவசாயத் திணைக்களமும் வேறு வழியிற் சென்றன. பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்ட திணைக்களம் விதை, பசளை, பீடை ஆகியவற்றைப் பற்றிப் போதித்தது. விளைந்ததை எங்கே, எப்போது, எவ்வடிவில் விற்பது என்பது அதன் பாடத்திட்டத்தில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் உத்தரவாத விலைத் திட்டமும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் அமைந்த நெற் சந்தைப்படுத்தும் சபையும் இவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தந்தன. அரசே விலையைக் கூறிவிட்டால் கமக்காரன் சந்தையை அறிய வேண்டியதில்லை. பொலன்னறுவைக்கும் அம்பாறைக்கும் இவ்விடை பொருந்தியிருக்கலாம். கண்டிப் பகுதியிலோ வயல் சிறிது. விளையும் நெல்லிற் பெரும்பகுதி வீட்டிலேயே உண்ணப்பட்டது. கைக்குக் காசு தந்தவை மிளகும் கராம்பும் காய்கறியுமே. இவற்றின் விலையோ நாளுக்கு நாள் மாறுவது. 1972இல் இரு நிறுவனங்கள் தோன்றின. பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்ட சிறு ஏற்றுமதிப் பயிர்த் திணைக்களம் ஒன்று. கொழும்பில் அமைந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் மற்றது. பிந்தியது பின்னர் நாட்டின் சந்தைகளிலிருந்து உணவுப் பொருள் விலைகளைத் திரட்டி ஒழுங்காக வெளியிடலாயிற்று. எழுதப்பட்ட சந்தைத் தகவல் சிறுகமக்காரனை நோக்கித் திரும்பியது இக்காலத்திலேயே.

ஆனால் அதனைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்வார் யார்? உலக வங்கியின் துணையுடன் நடைமுறைக்கு வந்த ‘பயிற்சியும் தரிசிப்பும்’ என்னும் முறையில், விரிவாக்க ஊழியர் குறித்த நாளிற் பயிற்சி பெற்று, குறித்த நாளில் தொடர்புக் கமக்காரரைச் சந்தித்தனர். அவர் கொண்டுசென்ற செய்தி பெரும்பாலும் மேலிருந்து வந்த உற்பத்திச் செய்தியே; எனினும் செய்தியைக் கொண்டுசெல்ல ஓர் ஆளேனும் இருந்தார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் விரிவாக்க சேவையின் பெரும்பகுதி மாகாண சபைகளின் கீழ் வந்தது. 1980களின் இறுதியில் கிராம மட்ட விரிவாக்க ஊழியர் ஏறத்தாழ 2,400 பேர் கிராம சேவை நிருவாகத்துக்கு மாற்றப்பட்டனர். அவர் விட்டுச்சென்ற வெற்றிடம் பின்னர் முழுமையாக நிரம்பவேயில்லை. இலங்கையின் விவசாயக் கல்வி வரலாற்றில் இத்தனை பெரிய இழப்பு இத்தனை அமைதியாக நிகழ்ந்தது வியப்புக்குரியது.

அவ்வெற்றிடத்தைத் தொலைபேசி நிரப்பும் என்ற நம்பிக்கை அடுத்து எழுந்தது. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. 2003இல் ‘கொவி ஞான சேவை’ என்னும் திட்டம் அங்கு விலைகளைத் திரட்டத் தொடங்கியது. 2006இல் விவசாயத் திணைக்களம் 1920 என்ற ஆலோசனைத் தொலைபேசி எண்ணை அறிமுகப்படுத்தியது. 2009இல் டயலொக் நிறுவனத்தின் ‘ட்ரேட்நெற்’ கைத்தொலைபேசிக்கே விலையைக் கொண்டுவந்தது. தம்புள்ளைப் பகுதிச் சிறு காய்கறிச் செய்கையாளரிடையே ஹர்ஷ டி சில்வாவும் ரத்னதிவாகரவும் நடத்திய ஆய்வு ஒன்று, அவர்தம் மொத்தச் செலவில் சுமார் 15 வீதம் கொடுக்கல்வாங்கற் செலவு என்றும், அதில் ஏறக்குறைய 70 வீதம் தகவல் தேடும் செலவு என்றும் கண்டது.

விலையை அறிவது வேறு, அதனைப் பயன்படுத்துவது வேறு. தம்புள்ளையில் ஒரு கிலோ போஞ்சி 200 ரூபா என்ற செய்தி மாரஸ்ஸனைக் கமக்காரனுக்குக் கிடைக்கின்றது எனக் கொள்வோம். லொறிக்கூலி, தரகு, சாக்கில் நசுங்கும் காய், நிறையிற் கழிவு ஆகியவற்றை நீக்கித் தன் வாசலில் நியாயமான விலை எவ்வளவு என்று அவன் கணக்கிட வேண்டும். அது நேற்றைய விலையா இன்றையதா, எத்தரத்துக்குரியது என்றும் பார்க்க வேண்டும். இன்று விலை உயர்ந்துள்ளது என்பதற்காக ஊரார் அனைவரும் போஞ்சி நட்டால், அறுவடையின்போது என்னாகும் என்பதும் கணக்கில் சேர வேண்டியதே. மிளகாயின், ஈரப்பதமும் ஒரு லீற்றரின் நிறையும் விலையைத் தீர்மானிக்கின்றன. பயிற்சி என்பது இக்கணக்குகளைக் கற்பிப்பதே. எண்ணை அழுத்தும் விதத்தைக் காட்டுவதன்று.

கேரள மீனவரிடையே கைத்தொலைபேசி பரவியதால் கடற்கரைதோறும் மீன் விலை ஏறத்தாழ ஒன்றுபட்டது, மீனவரின் இலாபம் சுமார் 8 வீதம் உயர்ந்தது என்று ரொபேட் ஜென்சன் 2007இல் எழுதினார். இக்கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2012இல் வெளிவந்த மஹாராஷ்டிர ஆய்வு அவ்வளவு புகழ் பெறவில்லை. அங்கு குறுஞ்செய்தி மூலம் விலை அறிந்த கமக்காரர் பெற்ற விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் ஃபாஷாம்பும் மின்டெனும் காணவில்லை. படகு எக்கரையிலும் ஒதுங்கலாம். கடன்பட்டவனின் மூட்டை கடன் கொடுத்தவனின் தராசுக்கே செல்லும்.

கண்டிப் பகுதியில் கடன்பட்டவனுக்கும் கீழே இன்னொருவர் உள்ளார். லயத்தின் பின்புறத்தில் காய்கறி செய்யும் தோட்டத் தமிழ்க் குடும்பத்தவர் அந்நிலத்துக்கு உறுதி இல்லாதவர். ஆதலால் பல சமயம் ‘கமக்காரர்’ என்னும் பதிவுக்குள்ளேயே வருவதில்லை. பதிவில்லாதவரைப் பயிற்சிக்கு அழைப்பாரும் அரியர்.

மாத்தளை, தும்பறைப் பக்கங்களில் மிளகுக் கொடியைக் காய் முற்றுமுன்பே குத்தகைக்கு விடும் வழக்கம் இன்றும் உண்டு. கள்வருக்கு அஞ்சியும், பாடசாலைத் தவணைச் செலவுக்காகவும், அடகை மீட்பதற்காகவும் அவ்வாறு விடுகின்றனர். கொடியை வாங்குபவன் முற்றாத காயையே பறித்துச் செல்கின்றான். அன்றைய மிளகு விலை அக்குடும்பத்தாரின் தொலைபேசியிலும் இருக்கின்றது.