தெருவைத் தாண்டிப் போன கணக்கு

1940ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகரான ராலியில் இருந்த அரசுக் கல்லூரி (இன்றைய வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்), புள்ளியியலுக்கென்று தனியாக ஒரு துறை தொடங்க முடிவு செய்தது. தலைவராக யாரைப் போடலாம் என்று அயோவா மாநிலக் கல்லூரியின் ஜார்ஜ் ஸ்னெடெகரிடம் யோசனை கேட்டார்கள். தோதான ஆண்கள் சிலரின் பெயரை எழுதிய ஸ்னெடெகர், அனுப்பும் முன் தன்னோடு வேலை பார்த்த கெர்ட்ரூட் காக்ஸிடம் பட்டியலைக் காட்டினார். என் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டார் காக்ஸ். கடிதத்தின் அடியில் ஒரு வரி ஏறியது: பெண் ஒருவரைப் பரிசீலிப்பதாக இருந்தால் காக்ஸைப் பரிந்துரைக்கிறேன் என்று. மேலே இருந்த பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு, ராலிக்காரர்கள் அந்த அடிவரியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மாணவர்கள் ஒரு நிறுவனத்தின் அசல் தரவை வாங்கி, அதன் அசல் கேள்விக்கு விடை தேடி, அந்த வழியிலேயே தொழில் கற்றுக்கொள்வது இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்பில் அதை 'பிராக்டிகம்' என்கிறார்கள். இந்த ஆற்றுக்கு ஊற்றுகள் பல. அவற்றில் தெளிவாகத் தடம் பிடித்துப் போகக்கூடிய ஒன்று காக்ஸின் துறைக்குப் போய்ச் சேர்கிறது.

அந்தத் துறை இருந்தது வேளாண்மைப் பள்ளிக்குள். கதவைத் தட்டி வந்தவர்கள் பயிர் ஆராய்ச்சிக்காரர்கள், கால்நடை ஆராய்ச்சிக்காரர்கள். அவர்கள் கொண்டுவந்த சிக்கல் எளிதாகத்தான் தெரியும். நான்கு விதமான உரம் இருக்கிறது, எது நல்லது? நான்கு பாத்தியில் நான்கையும் போட்டு, அறுவடையை எடை போட்டுப் பார்த்தால் போதாதா? போதாது. ஒரு பாத்தி பள்ளத்தில் இருக்கும், தண்ணீர் தேங்கும். இன்னொன்றில் பாதி நாள் மர நிழல் விழும். மகசூல் கூடியது உரத்தாலா, மண்ணாலா? இதைப் பிரித்துச் சொல்லும் வித்தையை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1920களில் ரொனால்டு ஃபிஷர் வகுத்திருந்தார். ஒவ்வோர் உரத்தையும் பல பாத்திகளில் போட வேண்டும். எந்த உரம் எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோல் முடிவு செய்ய வேண்டும். பிறகு வித்தியாசத்தில் உரத்தின் பங்கு எவ்வளவு, நிலத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கில் பிரிக்க வேண்டும்.

வித்தை சரி, வேலைதான் பெண்டை நிமிர்த்தியது. ஒவ்வோர் எண்ணையும் வர்க்கம் எடுத்து, கூட்டி, கழித்து, வகுத்து, மேசைக் கணக்குப் பொறியில் மணிக்கணக்காக உட்கார வேண்டும். நடுவில் ஓர் எண் பிசகினால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு கணினி வந்தது. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் புதிதாக நிரல் எழுத வேண்டியிருந்தது. 1966இல் அந்த வளாகத்தைச் சேர்ந்த ஆண்டனி பார் என்ற இளைஞர் ஒரு பொது மொழி செய்யத் தொடங்கினார். அதன் அடிப்படை இரண்டே படிகள். முதல் படியில், அட்டையில் துளையிட்டிருக்கும் எண்களில் எது பாத்தி, எது உரம், எது மகசூல் என்று கணினிக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இரண்டாம் படியில், என்ன செய்ய வேண்டும் என்பதை ஓரிரு சொல்லில் சொல்ல வேண்டும். 'டேட்டா' படி, 'ப்ராக்' படி என்ற அந்தப் பெயர்கள் இன்றைக்கும் மாறவில்லை. 1968இல் ஜிம் குட்நைட் சேர்ந்துகொண்டார். அவர் அதே ஊரில் படித்தவர். புள்ளியியல் பகுப்பாய்வு அமைப்பு என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'சாஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

தென் மாநிலங்களின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக இதற்குத் தோள்கொடுத்தன. பணம் பெரும்பாலும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்திடமிருந்து வந்தது. 1972இல் அந்தப் பணம் நின்றது. நல்ல திட்டங்கள் பலவும் உயிரை விடுகிற இடம் இதுதான். இங்கே அப்படி ஆகவில்லை. உறுப்புப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்குத் தலா 5,000 டாலர் போட்டு வேலையை ஓட்டின. அதற்குள் மருந்துக் கம்பெனிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் வங்கிகளும் சாஸைக் கேட்டு வரத் தொடங்கியிருந்தன. பாத்தியும் உரமும் இருந்த இடத்தில் நோயாளியும் மருந்தும் வந்தால் கணக்கு மாறிவிடுமா என்ன?

1976இல் பார், குட்நைட், ஜான் சால், ஜேன் ஹெல்விக் ஆகிய நால்வரும் வேலையை விட்டுவிட்டு நிறுவனம் தொடங்கினார்கள். அலுவலகம் எங்கே தெரியுமா? பல்கலைக்கழகத்துக்கு நேரெதிரே, ஹில்ஸ்பரோ தெருவின் மறுபக்கம். வயல் கணக்குக்குப் பிறந்த கருவி ஒரு தெருவைத் தாண்டிச் சரக்காகிவிட்டது. 1980இல் நிறுவனம் பக்கத்து ஊரான கேரிக்குக் குடிபோனது.

கருவி போய்விட்டது. கூடவே இன்னொன்றும் வகுப்பறைகளிலிருந்து மெல்லக் கழன்றது: கேள்வியோடு கதவைத் தட்டி வரும் ஆள். பாடப்புத்தகத் தரவு குளித்து, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டுதான் மாணவர் முன் வந்து நிற்கும். விடுபட்ட எண் இருக்காது, பிழை இருக்காது, விடையும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். 2000களில் பில் போடும் இயந்திரமும் கடன் அட்டையும் இணையமும் கம்பெனிகளில் தரவை மலையாகக் குவித்தபோது, சூத்திரம் தெரிந்த பட்டதாரிகள் கிடைத்தார்கள். அந்த மலையில் ஏறத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்தார்கள்.

2007இல் அதே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராப்பா 'உயர்நிலைப் பகுப்பாய்வு நிறுவனம்' ஒன்றைத் தொடங்கினார். அனலிட்டிக்ஸ் என்ற பெயரிலேயே முதுகலைப் பட்டம். அமெரிக்காவில் அந்தப் பெயரில் அதுவே முதல். டேட்டா சயின்டிஸ்ட் என்ற வேலைப்பெயர் பத்திரிகைகளில் அமர்க்களப்படுவதற்கு ஐந்தாண்டு முன்னால் நடந்தது இது. படிப்பு பத்தே மாதம். விருப்பப் பாடம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம். அதில் எட்டு மாதம் பிராக்டிகம். மாணவர்கள் நான்கைந்து பேராக அணி சேர்வார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிறுவனம் தன் தரவையும் தன் சிக்கலையும் கொடுக்கும். தரவு வெளியே போகாது என்று எழுத்தில் உறுதி உண்டு.

இப்படிப்பட்ட தரவைத் திறந்து பார்த்தவர்களுக்கு முதல் நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக நிற்பார். சில தேதிகளில் மாதம் முன்னால், சிலவற்றில் நாள் முன்னால். வயது என்ற கட்டத்தில் 999 என்றிருக்கும். வயது தெரியாதபோது யாரோ என்றோ போட்டுவைத்த அடையாளம் அது. கவனிக்காமல் சராசரி எடுத்தால் கடைக்கு வருபவர்கள் எல்லோரும் தொண்டு கிழங்களாகிவிடுவார்கள். 999 ஏன் வந்தது என்பதற்கு எந்தச் சூத்திரமும் விடை சொல்லாது. அந்த அலுவலகத்தில் தரவை ஏற்றியவரைக் கேட்க வேண்டும். கேட்கத் தெரிவதும் பாடத்தின் பகுதிதான். கடைசியில் கண்டதை, புள்ளியியல் தெரியாத மேலாளருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். சுற்றிவளைத்துப் பார்த்தால், பள்ளத்தில் இருந்த பாத்தியைப் பற்றி ஆராய்ச்சிக்காரரிடம் விசாரித்த அதே வேலை.

முதல் அணிகள் படித்து முடித்தது 2008இல். நார்த்வெஸ்டர்ன் போன்ற பல்கலைக்கழகங்கள் பிறகு இதே பெயரில் பட்டம் தொடங்கின. இன்று எந்த நாட்டுக் கல்லூரி விளம்பரத்திலும் 'தொழில்துறைக் கூட்டு' என்ற சொல்லைப் பார்க்கலாம். புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு கைகுலுக்கும் படமும் இருக்கும்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். மாணவர் கையில் வரும் தரவு யாருடையது? அதன் விடைக்காக யார் காத்திருக்கிறார்? விடை தப்பானால் யாருக்கு நட்டம்? மூன்றுக்கும் ஆள் பெயர் சொல்ல முடிந்தால் அங்கே கூட்டு இருக்கிறது. முடியாவிட்டால் இருப்பது புகைப்படம் மட்டும்தான்.