தீக்காப்பும் உயிர்க்காப்பும்

மனையையும் உடைமையையும் தீயினின்று காக்கும் முயற்சி பழமையானது. அங்ஙனம் காப்பதற்கெனக் கையாளும் பொருள் மனிதரின் உடலுக்குத் தீங்கு செய்யுமோ என்னும் வினாவோ மிகப் பிந்தியே எழுந்தது. முதல் வினாவுக்கு விடை கண்டோர் இரண்டாவதைப் புறக்கணித்தமையால் நேர்ந்த உயிரிழப்புப் பெரிது. கனிப்பொருட் பல்பகுதியங்களின் வரலாறு, இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எதிர்கொள்ள முயன்ற வரலாறாகும்.

1735 இல் ஒபடையா வைல்டு என்பார், படிகாரம், வெண்காரம் முதலியவற்றைக் கொண்டு துணியும் தாளும் தீப்பற்றாது செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் ஆக்கவுரிமை பெற்றார். நாடக அரங்குகளின் துணிகளைக் காக்கும் வழி காணுமாறு பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி பணித்ததற்கிணங்க, இரசாயன அறிஞர் கே-லுசாக் அமோனிய உப்புக்களின் பயனை ஆராய்ந்து 1821 இல் வெளியிட்டார். பவேரிய நாட்டு அறிஞர் பூக்ஸ், மணலையும் காரத்தையும் சேர்த்து உருக்கி, நீரிற் கரையும் சிலிக்கேற்றாகிய நீர்க்கண்ணாடியைப் பெற்றார். 1823 இல் எரிந்த மியூனிச் அரங்கினை மீளக் கட்டியபோது அது தீக்காப்புப் பூச்சாகப் பயன்பட்டது. ஆயின் இவற்றுக்கெல்லாம் பொதுவான குறையொன்றிருந்தது: நீர் பட்டால் உப்புக் கரையும், உப்புக் கரைந்தால் காப்பும் நீங்கும்.

இக்குறையைத் தீர்த்தது கல்நார். அது எரிவதில்லை, கரைவதில்லை, நூலாக நூற்கவும் பலகையாக வார்க்கவும் இடந்தருவது, விலையும் மலிவு. எனவே கப்பல், ஆலை, பாடசாலை, வீடு என எங்கும் அது புகுந்தது. அதன் நுண்ணிய இழைகள் தொழிலாளரின் சுவாசப்பையில் தங்கி நோய் விளைப்பதைப் பிரித்தானிய அரசின் அறிக்கையொன்று 1930 இலேயே எடுத்துரைத்தது. தென்னாபிரிக்காவில் 1960 இலும் நியூயோர்க்கில் 1964 இலும் வெளியான ஆய்வுகள், கல்நாருக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. அவ்வாறிருந்தும், பிரான்சு அதனைத் தடைசெய்தது 1997 இலேயாகும். உண்மை தெரிந்தமைக்கும் செயல் தொடங்கியமைக்கும் இடையே ஒரு தலைமுறை மடிந்தது.

சேதன இரசாயனம் காட்டிய மாற்று வழியும் இடர் நிறைந்ததாயிற்று. பிளாத்திக்கும் செயற்கை நுரையும் எளிதில் எரிவன. அவற்றை அடக்கப் புரோமீன் கலந்த சேர்வைகள் சேர்க்கப்பட்டன. குழந்தைகளின் இரவுடைகளிற் சேர்க்கப்பட்ட அத்தகைய சேர்வையொன்றை ஐக்கிய அமெரிக்கா 1977 இல் தடைசெய்தது. இவ்வினத்தைச் சேர்ந்த வேறு சில சேர்வைகள், அழியாது நிலைத்து உயிர்களின் உடலிற் சேரும் நச்சுக்களென 2009 இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

பிரான்சில் நிகழ்ந்த இரு தீவிபத்துக்கள் புதியதொரு தேடலைத் தூண்டின. 1970 நவம்பர் முதலாந் திகதி சென் லோரன் டியு பொன் என்னும் ஊரின் நடனசாலையொன்று எரிந்தபோது 146 பேர் மாண்டனர். அதன் உள்ளலங்காரத்தில் எரியும் செயற்கை நுரை மிகுந்திருந்தது. 1973 பெப்ரவரியிற் பாரிசுப் பாடசாலையொன்று எரிந்து இருபது உயிர்கள் பலியாயின. அவர்களுட் பதினாறுபேர் சிறார். சேதனப் பல்பகுதியங்களை நன்கறிந்த இரசாயனவியலாளர் ஜோசெப் டாவிடோவிற்ஸ், எரியாத பல்பகுதியம் இயலுமோ என ஆராயலானார். காபன் முதுகெலும்பாக அமைந்த பொருள் எரிதல் இயல்பு. ஒட்சிசனோடு முன்னரே பிணைந்துள்ள சிலிக்கனும் அலுமினியமும் முதுகெலும்பாயின், மேலும் எரிவதற்கு அங்கு ஏதுமில்லை.

வெண்களியை ஏறத்தாழ 750 பாகை சதமளவையிற் சுட்டு, காரமான சிலிக்கேற்றுக் கரைசலுடன் குழைத்தால், அது சூளையின்றியே கல்லாக இறுகும். இதன் சிலிக்கன், ஒட்சிசன், அலுமினிய அணுக்கள் முப்பரிமாண வலையாகப் பிணைவதால், நீர்க்கண்ணாடியைப்போல் எளிதிற் கரைவதில்லை. சோவியத்து நாட்டின் கீவ் நகரிற் குளுக்கொவ்ஸ்கி என்பார் 1950களிலேயே இதற்கு நெருங்கிய சீமெந்துகளை ஆக்கியிருந்தார். டாவிடோவிற்ஸின் முயற்சியிலோ முதலிற் பிறந்தவை, மரத்துகட் பலகையின் இருபுறமும் கனிப்பொருட் பூச்சு இறுகிய தீத்தடுப்புப் பலகைகளாகும். காபன் இழையை இப்பல்பகுதியத்திற் பதித்து அமெரிக்க ஆய்வாளர் ஆகாயவிமான அறைகளின் பொருட்டுச் சோதித்து, அது கடுந்தீக்கு ஒப்பான வெப்பத்திலும் பற்றவில்லை, புகையும் உமிழவில்லை என 1997 இல் வெளியிட்டனர். தீவிபத்திற் பலரைக் கொல்வது சுவாலையன்று, புகையே என்பதனை நினையின் இதன் பெறுமதி விளங்கும்.

எனினும், இப்பொருளைக் குற்றமற்றதெனப் புகழ்வது வரலாறு புகட்டிய பாடத்தை மறப்பதாகும். இதனை ஆக்கும் காரக்கரைசல் தோலையும் கண்ணையும் புண்படுத்த வல்லது. அக்கரைசலுக்கான சிலிக்கேற்றைப் பெற ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட உலை வேண்டும். உள்ளே தங்கிய நீர் கடும் வெப்பத்தில் ஆவியாகி வெடிப்புண்டாக்குதலும் உண்டு. கல்நாரும் ஒருகாலத்திற் குற்றமற்ற பொருளென்றே போற்றப்பட்டது. ஆதலின், தீயைத் தாங்குமோ என்று உலையிற் சோதிப்பதோடு ஆய்வு முடிவதில்லை. அதனைத் தோண்டுவோர், குழைப்போர், அதன் நிழலில் வாழ்வோர் ஆகியோரின் மூச்சிற்கு அது யாது செய்யும் என்பதும் அதே ஆய்வின் பகுதியாதல் வேண்டும். உயிர்க்காப்பாகாத தீக்காப்பு காப்பன்று.