மலாயாப் பல்கலைக் கழகமும் ஒரு பழந்தமிழ் அகராதியும்

1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியபோது அங்கே தமிழுக்கு இருக்கை இல்லை. பின்னர் இந்திய இயலுக்கென ஒரு துறை காணும் எண்ணம் எழுந்தது. அத்துறைக்கு அடிப்படை மொழி எது என்பதில் பெரும் வழக்கு மூண்டது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரின் கருத்துரை வடமொழிக்கே முதன்மை தந்தது. சாஸ்திரியாரின் புலமையைக் குறை கூறுவார் இலர்; சோழர் வரலாற்றை அவர் நூல் கொண்டே நாம் கற்றோம். ஆயினும் இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்பதை அக்கருத்துரை போதிய அளவு மதித்ததாகத் தோன்றவில்லை.

'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாளாவிருக்கவில்லை. தமிழுக்கே இடம் வேண்டும் எனத் தம் ஏட்டில் இடையறாது எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் நிதியும் திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். பல்கலைக் கழக வாயிலைக் கண்டிராத உழைப்பாளிகளும் கொடுத்தனர். அந்நிதி தமிழ் நூல்களாகப் பல்கலைக் கழக நூலகத்தை அடைந்தது. 1956இல் தொடங்கிய துறையில் தமிழே நிலைபெற்றது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு மாறிற்று.

பாடம் சொல்லுதல் வேறு, ஆராய்தல் வேறு. கிடைத்த இருக்கையை ஆராய்ச்சிக்கு உரியதாக்கியவருள் தலையாயவர், 1961இல் பொறுப்பேற்ற தனிநாயக அடிகள். இலங்கையிற் பிறந்து, அண்ணாமலையிலும் இலண்டனிலும் பயின்ற அவர், ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்தவர். 1954இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்ணிற்பட்டது ஒரு தமிழ்–போர்த்துக்கேய அகராதி.

அந்தாவோ தெ புரோயென்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்தது அது. அவர் 1666இல் மறைந்தார். 13 ஆண்டுகள் கழித்து, 1679இல், கேரளத்து அம்பலக்காட்டில் அது அச்சேறியது. 16,000க்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. அகர வரிசை நமக்குப் புதிதன்று. 1594இலேயே இரேவண சித்தர் தம் 'அகராதி நிகண்டில்' முதலெழுத்து முறையைக் கையாண்டுள்ளார். எனினும் நிகண்டு செய்யுள் வடிவினது. மனனம் செய்யவும் புலவர்க்கு உதவவும் எழுந்தது. புரோயென்சாவோ அயல்நாட்டார் ஊர் மக்களோடு பேசுதற் பொருட்டுத் தொகுத்தார். ஆதலின் புலவர் ஏட்டில் ஏறாத பேச்சுவழக்குச் சொற்களும் அதில் இடம் பெற்றன. 17ஆம் நூற்றாண்டில் தமிழர் எவ்வாறு பேசினர் என அறிய விழைவார்க்கு இதனினும் நல்ல சான்று அரிது. வீரமாமுனிவரின் 'சதுரகராதி' தோன்றிய 1732க்கு இது அரை நூற்றாண்டு முந்தியது.

போர்த்துக்கேயர் வழிவந்த சொற்கள் மலாய் மொழியிலும் உண்டு. நம் மாணவன் வீட்டிற் சொல்லும் 'ஜன்னல்', 'அலமாரி' இரண்டும் மலாய்ப் பாடத்தில் 'ஜென்டேலா', 'அல்மாரி' என வந்து நிற்பதை வகுப்பில் எடுத்துக் காட்டலாம், பிள்ளைகள் வியப்பர்.

அவ்வகராதியின் நிழற்படப் பதிப்பை 1966இல் வெளியிட்டது மலாயாப் பல்கலைக் கழக இந்திய இயல் துறையே. சென்னையோ யாழ்ப்பாணமோ செய்யாததைக் கோலாலம்பூர் செய்தது. தமிழாய்வு நூல்களுக்கு அடிகளார் அமைத்த வழிகாட்டி நூலும் அதே ஆண்டில் இங்கேயே வெளிவந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழ் மாநாடும் கோலாலம்பூரிற் கூடியது. 1964இல் புது தில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின்போது உருவான அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதற்பயன் அது. விழாவினும் ஆய்வுக் கட்டுரைகளே அங்கு முதன்மை பெற்றன. பிற்கால மாநாடுகள் சிலவற்றைப் பற்றி அவ்வாறு சொல்லத் துணிவு வரவில்லை. 1969இல் அடிகளார் பல்கலைக் கழகத்தை விட்டு நீங்கினார், 1980இல் மறைந்தார். மாநாடு சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம் எனச் சென்று, 1987இலும் 2015இலும் கோலாலம்பூருக்கு மீண்டும் வந்தது.